பிடிக்கும் கையைக் காப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைப் பட்டறைகளில் கைக்கருவிக் காயங்கள் குறித்த முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என எங்கு பார்த்தாலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். ஓராண்டாகத் தள்ளிப்போட்ட மராமத்து வேலைகள் அத்தனையும் இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். பலகை மாற்றுகிறவர்கள் ஒருபுறம், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்துக் கலப்பத்து அடிக்கிறவர்கள் ஒருபுறம், இன்ஜினை இறக்கிப் பிரிக்கிறவர்கள் இன்னொருபுறம் என்று கடற்கரையே ஒரு பெரிய தொழிற்கூடமாகிவிடும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்க்க, உப்புக்காற்றில் துருவேறிய கருவிகளை வைத்துக்கொண்டு, படகுக்காரர் நாளை எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்கையில் செய்யப்படும் வேலை அது. கைகளில் காயம் படுவதும் அந்த நாட்களில்தான் அதிகம்.

படகு இன்ஜின் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தும், இளைஞர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தும் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும், காயம் பட்டவர்களோடு மருத்துவமனைக்குப் போய்வந்தபோது மருத்துவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஐஸ் கம்பெனிகளிலும், நண்டு உடைக்கும் கூடங்களிலும், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கிரைண்டர், டிரில்லிங் மெஷின் போன்ற மின்கருவிகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றைக் கையில் எடுக்கும்போது யாருக்கும் ஓர் எச்சரிக்கை உணர்வு தானாகவே வந்துவிடுகிறது. சுத்தியலையும் ஸ்பேனரையும் அரத்தையும் எடுக்கும்போது அந்த உணர்வு வருவதில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

காயம் எந்தக் கையில் படுகிறது

நான் பார்த்த வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை இடது கையில் பட்டவை. அவற்றிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள சதைப்பகுதியில் பட்டவை மிகுதி. காரணம் எளிது. வலக்கைப் பழக்கமுள்ளவர் கருவியை வலது கையிலும் வேலைப்பொருளை இடது கையிலும் பிடிக்கிறார். கருவி நழுவினால், அது போகும் வழியில் இருப்பது பொருளைப் பிடித்திருக்கும் அந்த இடது கைதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையாக ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன்: இந்தக் கருவி இப்போது நழுவினால் எங்கே போய் நிற்கும்? ஒவ்வொரு முறை விசை கொடுப்பதற்கு முன்பும் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலாக வரும் இடத்தில் கை இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் ஒரு மாதம் இதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். "அண்ணே, நழுவுனா வைஸ்லதான் போய் முட்டும்" என்று அவன் சொன்ன பிறகுதான் இழுக்க விடுவேன் (வைஸ் என்பது வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி).

கையின் அமைப்பைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. ஆனால் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை இல்லை. விரலை மடக்கும் வலுவான தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக வரும் தசைநாண்கள், வடத்தைப் போல விரலை இழுத்து மடக்குகின்றன. ஒவ்வொரு விரலின் இரு ஓரங்களிலும் உணர்ச்சி நரம்பும் இரத்தக்குழாயும் சேர்ந்து ஓடுகின்றன. இவை எல்லாம் தோலுக்குச் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், விரலின் உட்புறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ள சிறிய வெட்டுகூட ஒரு நாணை முழுவதுமாக அறுத்திருக்கலாம். வெளியே தெரியும் காயத்தின் நீளத்தை வைத்து உள்ளே ஆன சேதத்தை மதிப்பிட முடியாது.

முதற்படி: வேலைக்கு முன் கருவியைப் பார்ப்பது

கடற்கரையில் கருவிகள் உள்நாட்டுப் பட்டறைகளைவிட வேகமாகக் கெட்டுப்போகின்றன. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் படலமாக வைத்திருப்பதால், இரவில் துடைக்காமல் போட்ட ஸ்பேனர் ஒரு வாரத்துக்குள் சொரசொரப்பாகிவிடும். மாலையில் வேலை முடிந்ததும் கருவிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, லேசாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும். காலையில் அந்த எண்ணெயைக் கைப்பிடியிலிருந்து மட்டும் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; எண்ணெய்ப் பிசுக்குள்ள கைப்பிடி வியர்வையோடு சேர்ந்தால் பிடி நிற்காது.

சுத்தியலைக் கையில் எடுத்ததும் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் ஆப்பு அடித்து இறுக்காமல் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்தால் கைப்பிடி பருத்து இறுகிவிடும் என்று செய்வது வழக்கத்தில் இருக்கிறது. அது உலர்ந்ததும் முன்பைவிடத் தளர்ந்துவிடும் என்பதால் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். விரிசல் விட்ட கைப்பிடியைக் கம்பியோ டேப்போ சுற்றி ஓட்டவும் கூடாது.

உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் குடைபோல விரிந்திருந்தால் அந்த விளிம்பு எப்போது வேண்டுமானாலும் தெறிக்கும். தெறிக்கும் சில்லு கண்ணுக்குப் போகலாம். உளியைப் பிடித்திருக்கும் விரலுக்குள்ளும் புகலாம். விரிந்த விளிம்பை அரைத்துச் சரித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஸ்பேனரின் வாய் விரிந்திருக்கிறதா, உள்விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் விரிந்த ஸ்பேனரைச் சரிசெய்ய வழியில்லை. பழைய இரும்போடு போட்டுவிடுவதே முறை.

அரத்தைப் பற்றி என் கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், கைப்பிடி இல்லாத அரத்தால் ஒரு பித்தளைப் புஷ்ஷை ராவிக்கொண்டிருந்தேன். பட்டறையில் இருந்த ஒரு அரத்துக்கும் கைப்பிடி கிடையாது. யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. அரம் விளிம்பில் தட்டி நின்ற அந்தக் கணத்தில் என் உள்ளங்கை முன்னே போனது; அரத்தின் வால்முனை கட்டைவிரல் மேட்டுக்குள் ஏறியது. இரத்தம் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து எதையும் அழுத்திப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. மரக் கைப்பிடிக்கு ஆகும் செலவு ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுதான். கைப்பிடி இல்லாத அரத்தை இன்றும் எந்தப் பட்டறையில் கண்டாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் வருவதில்லை.

இரண்டாம் படி: பொருளைக் கையில் பிடிக்காமல் நிறுத்துவது

திருப்புளிக் காயங்களில் பெரும்பாலானவை, சிறிய பொருளை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது கையால் அழுத்தித் திருகும்போது ஏற்படுபவை. ஸ்குரூவின் காடி உப்பால் அரிக்கப்பட்டிருந்தால் திருப்புளி வெளியே தாவும். பின்னால் இருப்பது உள்ளங்கை. பொருள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வைஸில் பிடித்துத்தான் திருக வேண்டும். வைஸ் இல்லாத படகின் மேல்தளத்தில், பொருளை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துச் சிறிய கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொள்வது பிடிப்பதாகாது. அப்போது கைக்குப் படவேண்டியது தொடைக்குப் படும், அங்கே பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது.

உளியைப் பிடிக்கும் விரல்களை எந்தப் பயிற்சியாலும் முழுமையாகக் காப்பாற்றிவிட முடியாது. ரப்பர் காப்புள்ள உளியைப் பயன்படுத்தலாம், அல்லது உளியை நீண்ட குறடால் ஒருவர் பிடிக்க இன்னொருவர் அடிக்கலாம். சம்மட்டி அடிக்கும் வேலைக்கு இந்த இரண்டாவது முறையைக் கட்டாயமாக்க வேண்டும். பிடிப்பவர் அடிப்பவருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை பிடிப்பவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். கலப்பத்து அடிக்கும் பெரியவர்கள் இரும்புச் சுத்தியலுக்குப் பதிலாகக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலைப் பயன்படுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். அகன்ற மர முகம் கலப்பத்து உளியின் தலையைத் தப்பவிடாது. தப்பினாலும் விரலில் விழும் அடி மரத்தின் அடியாக இருக்கும். தலைமுறைகளாகக் கைகளைக் காத்துவந்த அறிவு அது.

மூன்றாம் படி: இறுகிய போல்ட்டைக் கழற்றுவது

இந்தக் கடற்கரையில் கைமுட்டி கிழிவதற்கு முதற்காரணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடல்நீரை இழுக்கும் பம்பின் போல்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு உப்புத் தண்ணீரில் நனைந்து, மரைக்குள் துரு பருத்து, தலையின் ஆறு முனைகளும் அரைவாசி தேய்ந்திருக்கும். பம்புக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுதான் இடம். அங்கே ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு, அது அசையாததால் ஒரு பைப்பைச் செருகி, முழு உடல் எடையோடு தள்ளுகிறார்கள். போல்ட் அசையலாம், அல்லது முனை தேய்ந்து ஸ்பேனர் வழுக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் கைமுட்டி போய் அடிபடும் இடம் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விளிம்பு.

முறையான வழி முதல் நாளே தொடங்குகிறது. கம்பித் தூரிகையால் வெளித்துருவைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் விட்டு, இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். மறுநாள் போல்ட் தலையில் நேராகச் சில தட்டுகள் தட்டினால் துருவின் பிடி உடையும். அதன் பிறகு ஓப்பன் ஸ்பேனரைத் தொடாமல், ஆறு முனையையும் பற்றும் ரிங் ஸ்பேனரையோ பாக்ஸ் ஸ்பேனரையோ முழு ஆழத்துக்கு இறக்க வேண்டும். முதலில் சற்றே இறுக்கும் திசையில் அசைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கழற்றும் திசைக்கு வர வேண்டும்.

ஸ்பேனரை எப்போதும் தன்னை நோக்கி இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. இழுக்கும்போது வழுக்கினால் கை வெற்றிடத்துக்கு வரும், தள்ளும்போது வழுக்கினால் கை இரும்பில் மோதும். கால் இரண்டையும் அகற்றி ஊன்றிக்கொண்டால், திடீரென்று கழன்றாலும் உடல் பின்னால் சாயாது. இடநெருக்கடியால் தள்ளியே ஆகவேண்டும் என்றால் விரல்களைச் சுருட்டிப் பிடிக்காமல், கையை விரித்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் மட்டும் தள்ள வேண்டும். பைப் செருகி நீளம் கூட்டுவதற்குப் பதிலாக, அதற்கென்றே செய்த நீளக் கைப்பிடியை வாங்கி வைப்பது நல்லது. சாதாரண ஸ்பேனர் அந்த விசைக்காகச் செய்யப்பட்டதில்லை, வாய் விரிந்து கழன்றுவிடும். அளவு பொருந்தாத ஸ்பேனருக்குள் திருப்புளியையோ தகட்டையோ செருகி இடைவெளியை அடைப்பது, வழுக்குவதற்கு நாமே நாள் குறிப்பதாகும். இவ்வளவுக்கும் அசையாத போல்ட்டுக்குச் சூடு காட்ட வேண்டும், அல்லது அறுத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். ஒரு போல்ட்டின் விலை கைக்கு ஈடாகாது.

ஆக்ஸா பிளேடால் அறுக்கும்போது பற்கள் முன்னோக்கி இருக்க வேண்டும். பிளேடு விறைப்பாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பற்களாவது எப்போதும் பொருளின் மேல் இருக்கும்படி, மெல்லிய குழாய்க்கு நெருக்கமான பல் உள்ள பிளேடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுத்து முடியும் தறுவாயில்தான் கை பாய்கிறது. கடைசிச் சில இழுப்புகளில் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக அறுத்தால் போதும்.

கத்தியும் குளிரும்

நண்டு உடைக்கும் கூடங்களில் வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பாருங்கள். மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறி, விரல்நுனித் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஊறிய தோல் எளிதில் கிழியும். நண்டு ஓட்டின் விளிம்பே அதை அறுத்துவிடும். ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து உடைக்கும் ஆட்களுக்குக் குளிரால் விரல் மரத்துப்போகிறது. பிடி தளர்வது தெரிவதில்லை, வெட்டுப்பட்டதும் தெரிவதில்லை. இரு இடத்திலும் தேவைப்படுவது இடைவேளைதான்: கையைத் துடைத்து உலர்த்தி, விரல்களை மடக்கி நீட்டி, உணர்ச்சி திரும்பிய பிறகு கத்தியை எடுப்பது.

மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது. அழுத்தம் கூடக்கூட நழுவும் வேகமும் கூடுகிறது. கத்தியைத் தீட்டுவதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்கி, வேலை நேரத்துக்குள்ளேயே அதற்கு நேரம் ஒதுக்குவது முதலாளியின் கடமை. கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே தடுப்பு இருக்கும் கத்தியையே வாங்க வேண்டும்; இல்லையென்றால் முனை எலும்பில் தட்டி நிற்கும்போது விரல்கள் முன்னே வழுக்கி அலகின் மேல் ஏறும். கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகக் கூடாது, விழவிட்டு விலக வேண்டும். ஐஸ் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் கத்தியைப் போட்டுவைப்பதை அறவே நிறுத்த வேண்டும். அடுத்து உள்ளே கைவிடுபவருக்கு அது தெரியாது.

கையுறை, மோதிரம், கயிறு

கையுறை வாங்கும்போது அதன் மேல் ஈஎன் 388 என்ற தரக்குறியும் கீழே சில எண்களும் எழுத்தும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் முதல் எண் உராய்வையும், இரண்டாவது வெட்டையும், மூன்றாவது கிழிதலையும், நான்காவது குத்தலையும் தாங்கும் அளவைக் காட்டும். அடுத்து வரும் எழுத்து வெட்டுத் தாங்கும் திறனை ஏ முதல் எஃப் வரை கூறும். கத்தி வேலைக்கு அந்த எழுத்துதான் முக்கியம். வெட்டைத் தாங்கும் கையுறை குத்தலைத் தாங்கும் என்று பொருளில்லை. பின்னல் இழைகளுக்கு நடுவே மீன்முள்ளும் கொக்கியும் எளிதில் நுழைந்துவிடும். அளவில் பெரிய கையுறை பிடியைக் கெடுக்கும். வின்ச், டிரில்லிங் மெஷின், லேத் என்று சுற்றும் எதன் அருகிலும் கையுறை போடவே கூடாது. நுனி சிக்கினால் அது கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

மோதிரத்தைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் மனம் வருந்துகிறவர்கள் உண்டு. ஆனாலும் சொல்கிறேன். படகிலிருந்து குதிக்கும்போது ஆணியில் மோதிரம் மாட்டினால், உடல் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் இரத்தக்குழாயும் உறைபோல உரிந்துவரும். வேலைக்கு வரும்போது மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளலாம்.

ஊசிமுனைத் துளை: நாசில் சோதனையில் உள்ள பேராபத்து

டீசல் இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதிக்கும் கைப்பம்பு எல்லாப் படகு மெக்கானிக்குகளிடமும் இருக்கும். நெம்புகோலைக் கையால் அழுத்தினால், இன்ஜெக்டரின் முனையான நாசிலின் நுண்துளைகள் வழியாக டீசல் புகைபோலப் பீச்சும். அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். தெளிப்பு சரியாக வருகிறதா என்று விரலை நீட்டிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால், அந்தப் பட்டறைக்கே அது ஆபத்து.

டீசல் தோலுக்குள் புகுந்தால் வெளியே ஒரு ஊசித்துளை மட்டுமே தெரியும். வலி இருக்காது, இரத்தமும் வராது. "ஒண்ணுமில்ல மேஸ்திரி, லேசா சுருக்குன்னுச்சு" என்று சொல்லிவிட்டுக் காயம்பட்டவர் வேலையைத் தொடர்வார். உள்ளே டீசல் தசைநாண் உறை வழியாக விரலின் நெடுகப் பரவி, திசுக்களை எரித்துக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி வெளுத்து, பொறுக்க முடியாத வலி தொடங்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். கிரீஸ் கன்னாலும் இதே விபத்து நேரும். இந்தக் காயத்துக்கு வீட்டு வைத்தியமும் மாத்திரையும் உதவாது. உடனே அறுவை அரங்கில் விரலைத் திறந்து கழுவ வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் விரல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் முதலில் பார்ப்பவர் துளையைக் கண்டு சாதாரணக் காயம் என்று ஊசிபோட்டு அனுப்ப முற்படலாம். "உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று கூடச் செல்பவர் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சோதிக்கும்போது நாசிலைச் சுற்றிக் கண்ணாடி மறைப்பு வைத்து, தெளிப்பை ஓர் அட்டையின் மேல் விழவைத்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

காயம் பட்டதும்: முதல் பத்து நிமிடம்

முதலில் ஆளை உட்காரவையுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, பத்து நிமிடம் விடாமல் நேராக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் ஒழுகும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். அழுத்தியும் நிற்காமல் பீறிடும்போது மட்டுமே மேற்கையில் அகலமான துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மெல்லிய கயிற்றால் விரலைச் சுற்றி இறுக்குவது கூடாது.

மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், டீசல் ஆகிய எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இவை எல்லாம் அன்பினால் செய்யப்படுபவைதான். ஆனால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் கேட்டுக்கொள்கிறேன். இரத்தம் கட்டுக்குள் வந்த சிறு காயத்தை ஓடும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவுவதே சிறந்த முதலுதவி. உள்ளே குத்தி நிற்கும் கொக்கியையோ உளிச் சில்லையோ பிடுங்காமல், அசையாதபடி சுற்றிலும் துணிவைத்துக் கட்டி அழைத்துச் செல்லுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் கவனமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நமது பக்கத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே தவறும் நடக்கிறது. துண்டான விரலை நேரடியாக ஐஸில் புதைத்துக் கொண்டுபோனால் திசு உறைந்து செத்துவிடும். மீன்பெட்டியில் உள்ள ஐஸ் கடல்நீரோடும் உப்போடும் கலந்திருந்தால் அதன் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும். சேதம் இன்னும் விரைவாகும். விரலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை, நல்ல தண்ணீரில் செய்த ஐஸ் துண்டுகளும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். விரல் நனையக் கூடாது, குளிர வேண்டும். விரலில் தசை இல்லாததால், இப்படிக் குளிர்ந்த நிலையில் பல மணி நேரம் தாங்கும். ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். முறையாக வைத்திருந்தால் அந்தத் தூரம் கடந்தும் பொருத்த வாய்ப்புண்டு. 108 ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகியிருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தையல் போடும் முன் சோதிக்க வேண்டியவை

காயம் சிறியதாகத் தெரிந்தாலும் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். காயம்பட்ட விரலின் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு விரலை மட்டும் நடு மூட்டில் மடக்கச் சொல்லுங்கள். பிறகு விரலை முழுவதும் நீட்டச் சொல்லுங்கள். கடைசியாகக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் விரல்நுனியின் இரு ஓரங்களையும் மாறிமாறித் தொட்டு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கக்கூடும். அப்போது தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. கை அறுவை செய்யக்கூடிய மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுந்த நாண் உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால் முதல் சில நாட்களுக்குள் இணைப்பதே நல்லது. வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நேரடியாக இணைப்பது கடினமாகிவிடும்.

சுத்தியல் அடியில் நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நகம் பெயர்ந்து நுனி எலும்பும் முறிந்திருந்தால் அது திறந்த முறிவு. தொற்று எலும்பு வரை போகும். துருவோ மண்ணோ பட்ட காயத்துக்கு, கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

கடலோரத்தில் வேலை செய்கிறவர்கள், காயம் கடல்நீரிலோ மீன், நண்டு இவற்றாலோ பட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். மீன்முள் குத்திய சில நாட்களில் விரலில் கருஞ்சிவப்பாகப் பரவும் வலியுள்ள வீக்கம் ஒரு வகைத் தொற்று. வாரங்கள் கழித்து மெல்ல எழும்பி, வழக்கமான மருந்துக்கு ஆறாமல் நிற்கும் கட்டிகள் இன்னொரு வகை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியால் வரும் தொற்று ஒரே நாளில் கை முழுவதும் ஏறிவிடக்கூடியது. கல்லீரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஒரு விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, சற்று மடங்கிய நிலையிலேயே நின்று, நீட்டினால் உயிர்போகும் வலி எடுத்தால் காலை வரை காத்திருக்காமல் அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுதி வைப்பது

விபத்து நடந்த நாள், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, கருவி, உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி, முதலாளியிடம் ஒரு நகல் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டில் "வேலையிடத்தில் ஏற்பட்ட காயம்" என்று பதியச் சொல்லுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு தவித்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, ஒரு கட்டைவிரல் இழப்பை 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பாகவும், ஆள்காட்டி விரல் முழுவதையும் இழப்பதை 14 சதவீதமாகவும் கணக்கிட்டது. விரலின் ஒரு கணு போனாலும் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தொடங்குவது மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் முதல் வரியிலிருந்துதான்.

மீண்டும் வேலைக்கு

தசைநாண் இணைத்த கைக்குப் பன்னிரண்டு வாரம் வரை பளுவான வேலை கூடாது. கட்டு பிரித்ததும் விரல் விறைத்துத்தான் இருக்கும். இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியை நாள்தோறும், சொன்ன அளவுக்குக் கூடாமலும் குறையாமலும் செய்ய வேண்டும். தடைக்காலம் முடியப்போகிறது என்று எட்டாவது வாரத்திலேயே சம்மட்டி பிடித்த ஒருவருக்கு இணைத்த நாண் மீண்டும் அறுந்தது. காயம்பட்டவர் வேலைக்குத் திரும்பி வருகிற நாளில் முதலாளி தர வேண்டிய வேலை, கருவிகளைத் துடைத்து எண்ணெய் பூசி அடுக்குவது, ஆட்டம் கண்ட கைப்பிடிகளையும் விரிந்த உளித் தலைகளையும் பிரித்து வைப்பது போன்றவை. அவர் கையைக் கிழித்த கருவியும் அந்தக் குவியலில்தான் இருக்கும். அது ஏன் நழுவியது என்று அவரோடு உட்கார்ந்து பார்த்து, சரிசெய்யக் கூடியதென்றால் சரிசெய்து, முடியாததென்றால் வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.